சென்னை – தூத்துக்குடி: வானத்தில் எவ்வளவு தூரம், வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம்?

அம்மாவை முதன்முதலாக விமானத்தில் ஊருக்குக் கூட்டிப்போனபோது, "ஒன்றரை மணி நேரம்தாம்மா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடலாம்" என்று சொல்லித்தான் கிளப்பினேன். அண்ணா நகர் வீட்டைக் காலை 7 மணிக்குப் பூட்டினோம். பாளையங்கோட்டையில் அத்தை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மணி ஒன்று. "ஒன்றரை மணி நேரம்னு சொன்ன, மத்தியானச் சாப்பாட்டுக்குல்லா வந்து சேர்ந்திருக்கோம்" என்றாள் அம்மா.

அம்மா சொன்னது சரிதான். டிக்கெட்டில் இருக்கும் நேரம் ஒன்று, பயணம் எடுக்கும் நேரம் வேறு. தூரமும் அப்படித்தான். இணையத்தில் இரண்டு விமான நிலையப் பெயர்களைப் போட்டால் ஒரு கிலோமீட்டர் கணக்கும் ஒரு பறக்கும் நேரமும் வந்து விழும். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொண்டால், முதல்முறை பறப்பவர்களுக்குப் பாதிப் பதற்றம் குறையும். சென்னை – தூத்துக்குடி தடத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வேறு எந்த இரண்டு ஊருக்கும் இதே வழி பொருந்தும்.

முதலில் நிலையக் குறியீட்டைச் சரிபாருங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. சென்னைக்கு எம்ஏஏ, பழைய மெட்ராஸ் பெயரிலிருந்து வந்தது. தூத்துக்குடிக்கு டிசிஆர். முன்பதிவுத் தளங்கள் பலவற்றில் இன்னும் 'டூட்டிகோரின்' என்றுதான் இருக்கும், தூத்துக்குடி என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெயரில் தேடுங்கள்.

இதை ஏன் முதல் வேலையாகச் சொல்கிறேன் என்றால், திருச்சி டிஆர்இசட், திருவனந்தபுரம் டிஆர்வி, திருப்பதி டிஐஆர். எல்லாமே 'டி'யில் தொடங்குகின்றன. என் சித்தப்பா மகனுக்கு ஊரில் ஒரு முன்பதிவுக் கடையில் டிசிஆருக்குப் பதிலாக டிஆர்விக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நிலையத்துக்குக் கிளம்பும் முந்தின இரவுதான் பார்த்தான். ரத்துக் கட்டணம் போக மிச்சம் வந்தது கொஞ்சம்தான். டிக்கெட் கைக்கு வந்ததும் பணம் கொடுப்பதற்கு முன்னால் மூன்றெழுத்தைப் பாருங்கள், தேதியைப் பாருங்கள், காலையா மாலையா என்று பாருங்கள்.

நேர்கோட்டுத் தூரத்தை நீங்களே கணக்கிடலாம்

தளங்கள் காட்டும் 'வான்வழித் தூரம்' என்பது பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் இழுத்துக் கட்டிய நூலின் நீளம். கூகுள் மேப்பில் இரண்டு இடங்களைத் தொட்டு அளக்கும் வசதி இருக்கிறது, அதுவே போதும். ஆனால் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் விஷயம் மனதில் நிற்கும்.

சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 பாகை (டிகிரி), கிழக்கு 80.17 பாகை. தூத்துக்குடி விமான நிலையம் வடக்கு 8.72, கிழக்கு 78.03. வடக்கு–தெற்காக ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். கிழக்கு–மேற்கில் ஒரு பாகையின் நீளம் துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுருங்கும், நம் தமிழ்நாட்டு மட்டத்தில் 109 என்று வைத்துக்கொள்ளலாம்.

வடக்கு–தெற்கு வித்தியாசம் 4.27 பாகை, அதாவது 474 கிலோமீட்டர். கிழக்கு–மேற்கு வித்தியாசம் 2.14 பாகை, அதாவது 233 கிலோமீட்டர். இந்த இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்குத்தான்: இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 528 கிலோமீட்டர் வரும். தமிழ்நாட்டுக்குள்ளே இவ்வளவு துல்லியம் தாராளமாகப் போதும். டெல்லி, சிங்கப்பூர் என்று தூரம் கூடினால் பூமியின் வளைவைச் சேர்க்கும் சூத்திரம் வேண்டும், அங்கே தளத்தையே நம்பிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில தளங்கள் இதே தூரத்தை 328 என்று காட்டும், சில 285 என்று காட்டும். மூன்றும் சரிதான். 328 என்பது மைல், 285 என்பது கடல் மைல். விமானிகள் பேசுவது கடல் மைலில், ஒன்று 1.852 கிலோமீட்டர். எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள்.

அந்த நூலை வரைபடத்தில் வைத்துப் பார்ப்பதில் எனக்குத் தனி ஆசை உண்டு. மீனம்பாக்கத்தில் பிடித்து, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தில் கட்டினால், அது திண்டிவனத்துக்குக் கிழக்கே போய், நெய்வேலியை ஒட்டி இறங்கி, தஞ்சாவூருக்குச் சற்று மேற்கே காவிரியைத் தாண்டி, புதுக்கோட்டை மேலாக, கமுதி, விளாத்திகுளம் வழியாக வந்து சேர்கிறது. ரயில் இந்த வழியில் வருவதில்லை, அது விழுப்புரம், திருச்சி, மதுரை என்று மேற்கே சுற்றி வருகிறது. அதனால்தான் முத்துநகர் எக்ஸ்பிரஸ் போகும் தூரம் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். சாலையில் 600 பக்கம். ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே மூன்று தூரங்கள்.

விமானம் நூல் பிடித்த மாதிரி போவதில்லை

விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு–மேற்காகக் கிடக்கிறது. கடல்காற்று அடிக்கும் நேரத்தில் கிழக்குப் பக்கமாக ஏறி, அடையாறு, கடல் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் தெற்கே திரும்ப முடியும். தெற்கே போகவேண்டியவர் முதலில் கிழக்கே போகிறார். தூத்துக்குடியிலும் ஓடுபாதை கிழக்கு–மேற்குதான். வடக்கிலிருந்து வருகிற விமானம் ஒரு பக்கமாகச் சுற்றிவந்து ஓடுபாதையின் நேருக்கு வரவேண்டும். இடையில் வான்வழிப் பாதைகள், மற்ற விமானங்களுக்கு வழிவிடுதல். ஆக 528 என்பது பறக்கும்போது 560, 570 ஆகலாம். குறுகிய தடங்களில் இந்தச் சுற்று கணிசமான பங்கு, டெல்லிக்குப் போகும்போது அதே சுற்று கணக்கிலேயே வராது.

எந்த விமானம் என்று பார்க்காமல் நேரம் சொல்ல முடியாது

தள எண்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தூரத்தை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, மேலே அரை மணி நேரம் போட்டு, "1 மணி 10 நிமிடம்" என்று காட்டிவிடும். தூத்துக்குடிக்குப் பல ஆண்டுகளாகப் போய்வந்தது ஜெட் அல்ல.

வாகைகுளத்தில் விமான நிலையம் 1992-இல் தொடங்கியது. அப்போது அதன் ஓடுபாதை 1,350 மீட்டர்தான். ஏர்பஸ் ஏ320 மாதிரியான ஜெட்டுக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டராவது வேண்டும். அதனால் ஏடிஆர் 72 மாதிரி, காற்றாடி வைத்த சிறு விமானங்கள்தான் வந்தன. 2025 ஜூலை 26 அன்று புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. இனி பெரிய விமானமும் இறங்கலாம். ஆகவே டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் விமான வகை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஏடிஆர் 72-600 உயரே போனபின் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஏ320 மணிக்கு 830 பக்கம். இதிலிருந்து நான் கையாளும் மனக்கணக்கு இதுதான்:

ஏடிஆர் என்றால், நேர்கோட்டுக் கிலோமீட்டரை 8-ஆல் வகுத்து 25 நிமிடம் கூட்டுங்கள்.
ஜெட் என்றால், 13-ஆல் வகுத்து 40 நிமிடம் கூட்டுங்கள்.

கூட்டும் நிமிடங்கள் தரையில் ஓடுவதற்கும், ஏறி இறங்கும்போது வேகம் குறைவாக இருப்பதற்கும், சுற்றுக்கும். ஜெட்டுக்கு ஏன் கூடுதல் என்றால், அது உயரத்துக்குப் போய்ச் சேர்ந்து முழு வேகம் எடுப்பதற்குள் இப்படிச் சின்ன தடத்தில் இறங்கும் நேரம் வந்துவிடும்.

போட்டுப் பார்ப்போம். தூத்துக்குடி 528: எட்டால் வகுத்தால் 66, அதோடு 25, மொத்தம் 91 நிமிடம். டிக்கெட்டில் ஒன்றரை மணியை ஒட்டி இருப்பது இதனால்தான். அதே தடத்தில் ஜெட் போனால் 41, அதோடு 40, மொத்தம் 81 நிமிடம். வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல், மிச்சமாவது பத்து நிமிடம்! "ஏடிஆரா? மெதுவா போகுமே" என்று தயங்குபவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். மதுரை நேர்கோட்டில் 417 கிலோமீட்டர், ஜெட்டில் 72 நிமிடம் வரும். திருச்சி 294, ஏடிஆரில் 62. சேலம் 265, ஏடிஆரில் 58. யாழ்ப்பாணத்துப் பலாலி சென்னைக்கு நேர் தெற்கே 355 கிலோமீட்டர்தான், ஏடிஆரில் 69 நிமிடம் வருகிறது. டெல்லி 1,760, ஜெட்டில் 175 நிமிடம், அதாவது மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு. அட்டவணையில் ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்து பத்து நிமிடத்துக்குள் ஒத்துப்போகும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் எதைக் குறிக்கிறது

புறப்படும் நேரம் 10:00 என்றால் விமானம் பத்து மணிக்கு வானத்தில் இருக்கும் என்று பொருள் அல்ல. கதவு சாத்தி, நின்ற இடத்தை விட்டு நகரும் நேரம் அது. வந்துசேரும் நேரம் என்பது சக்கரம் தரையைத் தொடுவதல்ல, நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதை விமானத் துறையில் 'பிளாக் டைம்' என்பார்கள். சென்னையில் ஓடுபாதை வரிசையில் காத்திருப்பதும் இதற்குள் அடக்கம். உண்மையில் காற்றில் இருக்கும் நேரம் இதைவிடப் பத்து, பதினைந்து நிமிடம் குறைவு. பிளைட்ரேடார்24 போன்ற செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், கடந்த சில நாட்களில் அது எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று தெரியும். அட்டவணையைவிட அது நம்பகமானது. வழக்கமாகத் தாமதமாகும் விமானமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது வாசலிலிருந்து வாசலுக்கு

இதுதான் உண்மையில் நமக்கு வேண்டிய எண். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள்.

விமானம் 10 மணிக்கு. பெரும்பாலான நிறுவனங்கள் உள்நாட்டுப் பயணத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரை 60 நிமிடத்துக்கு முன்பும், ஏறும் வாயிலை 25 நிமிடத்துக்கு முன்பும் மூடிவிடுகின்றன. ஒரு நிமிடம் தாண்டினாலும் சேர்க்கமாட்டார்கள். பழகியவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்பு வரலாம். முதல்முறை என்றால், வயதானவர்கள் கூட வந்தால், இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே இருங்கள். சென்னையில் உள்நாட்டுக்கு டி1, டி4 என்று இரண்டு முனையங்கள், உங்களுடையது எது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜிஎஸ்டி சாலையை நம்பி நேரம் கணக்கிட வேண்டாம். மெட்ரோவில் வந்தால் நிலையத்துக்குள்ளேயே இறங்கலாம். தாம்பரம் பக்கமிருந்து வருபவர்களுக்கு மின்சார ரயிலில் திரிசூலம், விமான நிலையம் அதற்கு நேர் எதிரே. அதிகாலை விமானம் என்றால் மட்டும், முதல் மெட்ரோ எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முந்தின இரவே வண்டி சொல்லி வைத்துவிடுங்கள்.

அந்தப் பக்கம் வாகைகுளம் சின்ன நிலையம். விமானத்திலிருந்து இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர இருபது நிமிடம் போதும். ஆனால் நிலையம் தூத்துக்குடி ஊருக்குள் இல்லை, திருநெல்வேலிச் சாலையில் இருக்கிறது. தூத்துக்குடிக்கு அரை மணி நேரம், திருநெல்வேலிக்கு நாற்பது கிலோமீட்டர் அளவு, ஐம்பது நிமிடம். திருச்செந்தூருக்கு ஒரு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். சுங்கச்சாவடியும் பக்கத்தில் இருப்பதால், வாடகைக் கார் பேசும்போதே அந்தக் கட்டணம் சேர்த்தா என்று கேட்டுவிடுவது நல்லது.

கூட்டினால்: அண்ணா நகரிலிருந்து நிலையத்துக்கு 1 மணி, உள்ளே 2 மணி, பறப்பது ஒன்றரை மணி, வெளியே வர 20 நிமிடம், பாளையங்கோட்டைக்கு 50 நிமிடம். ஏறக்குறைய ஐந்தே முக்கால் மணி நேரம். அம்மாவின் கணக்கு.

இதை ரயிலோடு வையுங்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. வீட்டிலிருந்து வீடு ஒன்பதரை. இரவு ரயில் பத்துப் பதினொரு மணி நேரம், ஆனால் அது தூங்கும் நேரம். ஆகவே விமானம் மிச்சப்படுத்துவது, விளம்பரம் சொல்வது போல ஒன்பது மணி நேரம் அல்ல. பகல் ரயிலோடு ஒப்பிட்டால் நாலு மணி நேரம் அளவு. துக்க வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, மறுநாளே திரும்பவேண்டிய வேலைக்கு அந்த நாலு மணி நேரம் பெரிய விஷயம். பொங்கலுக்கு நிதானமாகப் போகிறவர்களுக்கு இரவு ரயிலே நல்லது என்பது என் எண்ணம்.

ஊர் எங்கே என்பதையும் பாருங்கள். கோவில்பட்டி, தென்காசிக்காரர்களுக்கு மதுரையைவிட வாகைகுளம் பக்கம். நாகர்கோவில்காரர்களுக்கு எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போவது வசதி. விருதுநகருக்கு மதுரைதான். வானத்தில் மிச்சமாகும் பத்து நிமிடத்துக்காகச் சாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏடிஆரில் முதல்முறை ஏறுகிறவர்களுக்கு

பெரும்பாலும் பேருந்தில் கூட்டிப்போய் விமானத்தின் பக்கத்தில் இறக்கிவிடுவார்கள். கதவு பின்பக்கம் இருக்கும், சில படிகள்தான். முட்டிவலி உள்ளவர்களுக்கு இது பெரிய ஜெட்டின் ஏணியைவிடச் சுலபம். அம்மா கைப்பிடியைப் பிடித்து மெதுவாகவே ஏறினாள், யாரும் அவசரப்படுத்தவில்லை. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள். கதவு பின்னால் என்பதால் பின்வரிசைக்காரர்கள் முதலில் இறங்குவார்கள். 'முன்சீட்' என்று கூடுதலாகப் பணம் கட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

ஒரு வரிசையில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு இருக்கைகள். தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடம் சிறியது. ஏழு கிலோ கைப்பை அனுமதி என்றாலும், சக்கரம் வைத்த பெட்டியைப் படிக்கட்டருகே வாங்கிக் கீழே போட்டுவிடுவது உண்டு. மருந்து, நகை, ஆதார் அட்டை எல்லாம் தோளில் மாட்டும் சின்னப் பையில் இருக்கட்டும். ஊரிலிருந்து திரும்பும்போது மக்ரூன் பெட்டியையும் அந்தப் பையிலேயே வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் சென்னையில் தூள்தான் கிடைக்கும்.

காற்றாடிச் சத்தம் ஏறும்போது பலமாகக் கேட்கும், காற்றாடிக்கு நேரே உள்ள இருக்கைகளில் அதிர்வும் கூடுதல். தெற்கே போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் கிழக்கு, கடல் பக்கம். ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறப்பதால், மேகம் இல்லாத நாளில் வயலும் கண்மாயும் தெளிவாகத் தெரியும்.

காற்றும் மழையும்

ஆனி, ஆடியில் கயத்தாறு பக்கம் காற்றாலைகள் எப்படிச் சுற்றும் என்று பார்த்திருப்பீர்கள். அந்த மேற்குக் காற்றுதான் வாகைகுளத்திலும். இறங்கும் கடைசிப் பத்து நிமிடம் விமானம் குலுங்கும். பயப்பட ஒன்றுமில்லை, பெல்ட்டை இறுக்கிக்கொண்டால் போதும். எதிர்க்காற்று மெதுவான விமானத்தைத்தான் அதிகம் பிடித்து இழுக்கும்: 40 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் ஏடிஆரின் வேகம் 500-இலிருந்து 460 ஆகும், பயணத்தில் ஐந்தாறு நிமிடம் கூடும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் கவனமாக இருக்கவேண்டிய காலம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்ட வெள்ளம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. இந்த மாதங்களில் தூத்துக்குடிக்குப் போகும் விமானம் இறங்க முடியாமல் மதுரைக்குத் திருப்பப்படலாம். அப்படியானால் சாலையில் இரண்டரை மணி நேரம் கூடுதல். கல்யாண முகூர்த்தம், நேர்முகத் தேர்வு என்று தவறவிடக்கூடாத காரியம் இருந்தால் முந்தின நாளே போய்விடுங்கள்.

தாமதமானால், ரத்தானால்

பிளாக் டைம் இங்கேயும் உதவும், ஏனென்றால் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் அதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட தடங்களில் தாமதம் 2 மணி நேரத்தைத் தொட்டால், நேரத்துக்கு வந்து காத்திருக்கும் பயணிக்குச் சாப்பாடு அல்லது சிற்றுண்டி தரவேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால், வேறு விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றை நீங்கள் கேட்கலாம்.

முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் நஷ்டஈடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையிலான தடத்துக்கு உச்சவரம்பு 5,000 ரூபாய், ஒன்றுக்கு மேல் இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. தூத்துக்குடித் தடம் 7,500 ரூபாய் வகையில் வருகிறது. புயல், மழை மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாத காரணமென்றால் நஷ்டஈடு கிடையாது, ஆனால் பணத்தைத் திரும்பப் பெறுவது அப்போதும் உங்கள் உரிமை. டிக்கெட் போடும்போது கடைக்காரர் எண்ணைக் கொடுக்காமல் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணையே கொடுங்கள். விமானம் ரத்து, நேர மாற்றம் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும்.